மயிலாப்பூர்ப் பச்சைப் பிசின்

சேர்மான அறைக்கு இந்த வருஷம் வந்து சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, முதலில் ஒன்று. தேன் பிசினைத் தொட்ட விரலால் கண்ணைக் கசக்காதீர்கள், மூக்கைச் சொறியாதீர்கள், புதுச் சட்டையைத் தொடவே தொடாதீர்கள். சட்டையில் பட்டால் சட்டை போகும், பிசின் போகாது. எத்தனை கிராமுக்கு எத்தனை மில்லி ஸ்பிரிட், எத்தனை நாள் ஊற வேண்டும், எந்தத் துணியில் வடிகட்ட வேண்டும் என்பதெல்லாம் சுவரில் தொங்கும் அட்டையில் இருக்கிறது. அட்டையில் இல்லாததை எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்டார்கள். நான் எவ்வளவு பேசுவேன் என்று தெரிந்தே கேட்டார்கள். அவர்கள் தலையெழுத்து, உங்கள் தலையெழுத்து.

நான் லோகநாயகி. அடையாற்றில் இந்தச் சின்னக் கம்பெனிக்குப் பாட்டில் கழுவ வந்தேன். அப்புறம் லேபிள் ஒட்டினேன். கடைசியில் சேர்மான அறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்து, போன வருஷம் ஓய்வு பெற்றேன். வேதியியலை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. நம் முதலாளியம்மா, அதாவது மேடம், ஒரு காலத்தில் கல்லூரியில் வேதியியல் நடத்தியவர். அவர் ஃபோனில் பேசுவதை ஒட்டுக்கேட்டுப் பாதி கற்றேன். மீதியை ஏழுமலையிடம் கற்றேன். ஏழுமலை நம் பெட்டிக்காரர். ஸ்கூட்டரில் மொட்டை மாடி மொட்டை மாடியாகப் போய்த் தேனீப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு வருவார். "தேன் வாங்குறவன் பூவைக் கேக்கணும், பிசின் வாங்குறவன் மரத்தைக் கேக்கணும்" என்பது அவர் வாயிலிருந்து விழுந்த முத்து. அவர் முத்துகளைப் பொறுக்குவதற்கே நான் தினமும் சீக்கிரம் வேலைக்கு வருவேன்.

பிசின் என்றால் என்ன என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் கூட்டை வைத்து விளக்குவேன். தேன்கூட்டை அல்ல, சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிற கூட்டை. குருத்திலும் வெட்டுப்பட்ட பட்டையிலும் மரம் கசியவிடும் பிசினைத் தேனீ கடித்தெடுத்துப் பின்னங்காலில் ஒட்டிக்கொண்டு வந்து, தன் மெழுகோடு பிசைகிறது. அந்தக் கூட்டில் ஏறக்குறையப் பாதி மரப்பிசின். மூன்றில் ஒரு பங்கு மெழுகு. மிச்சத்தில் வாசனை எண்ணெய், மகரந்தம், இன்னும் சில்லறைச் சாமான்கள். வேலை செய்கிற சரக்கு பெரும்பாலும் அந்தப் பிசின் பாதியில்தான் இருக்கிறது. ஃபிளேவனாய்டு, பீனாலிக் அமிலம் என்று மேடம் அடுக்குவார். இதில் எனக்குப் பிடித்த விஷயம், அந்தச் சரக்கு மரத்தினுடையது. தன் புண்ணுக்கு மரம் போட்டுக்கொண்ட களிம்பை, தன் வீட்டுச் சந்து பொந்தை அடைக்கத் தேனீ தூக்கி வந்துவிடுகிறது. ஆகவே மரம் மாறினால் பிசின் மாறும். தெருவுக்குத் தெரு சாம்பார் மாறுகிற மாதிரி.

தேனீயிலும் ஆள் பார்க்க வேண்டும். நம்மூர் அடுக்குத் தேனீ பிசின் பக்கம் அவ்வளவாகப் போகாது. கொசுத் தேனீ அப்படியில்லை. பார்க்கக் கொசு அளவு, கொட்டத் தெரியாது, ஆனால் பிசின் என்றால் பைத்தியம். பெட்டிக்குள் கொத்தனார் மாதிரி அப்பிவைக்கும்.

சரி, குணம்? கண்ணாடித் தட்டில் கிருமியை வளர்த்து மேலே பிசின் சாற்றை விட்டால் பல கிருமிகள் வளராமல் நின்றுவிடும். அது நிஜம். ஆனால் மனிதத் தொண்டை கண்ணாடித் தட்டு அல்ல. வாய்ப்புண்ணுக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் சிலருக்கு இதமாக இருக்கிறது, சிலருக்கு ஒன்றும் தெரிவதில்லை, சிலருக்கு ஒத்துக்கொள்வதே இல்லை. இந்த மூன்றாவது ஆளை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேளுங்கள்.

தியாகராய நகரில் ஒரு பட்டுக்கடை விற்பனையாளர். காலையிலிருந்து பேசிப் பேசி உதட்டுக்குள் புண். நான் அப்போதுதான் கவுண்டருக்கு வந்திருந்தேன், வாய் காதுவரை நீளம். இயற்கைச் சரக்கு, கெடுதலே கிடையாது, மூன்றே நாளில் பாருங்கள் என்று அளந்து ஒரு குப்பியைக் கையில் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் வந்தார். உதடு இரண்டும் பஜ்ஜி மாதிரி உப்பியிருந்தது. பேச முடியாமல், கடை பில் ஒன்றின் முதுகில் எழுதி நீட்டினார்: "கல்யாண பார்ட்டி வந்தது. என் மூஞ்சியைப் பார்த்துப் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டது." எட்டிக்காயும் இயற்கைதான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவரை டாக்டரிடம் அழைத்துப்போனேன். அதிலிருந்து தேன், மகரந்தம், தேனீக்கொட்டு எதற்காவது தடிப்பு வருமா, இழுப்பு உண்டா என்று கேட்காமல் ஒரு பாட்டிலும் கொடுத்ததில்லை. நீங்களும் கேளுங்கள். கேட்டால் வியாபாரம் குறையாது, உதட்டு வீக்கம்தான் குறையும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இது என் பெரிய தப்பு. சின்னத் தப்புகளை எல்லோரும் சொல்வார்கள்.

மயிலாப்பூரில், கடற்கரைப் பக்கம், ரெஜினா டீச்சர் என்று ஒருவர். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர், கோவிலில் பாடகர் குழுத் தலைவி. கோவில் என்று அவர்கள் சொல்வது பங்குக் கோவிலை, அந்த வட்டாரத் தேவாலயத்தை. அவர் வீட்டு மொட்டை மாடியில் நம் கொசுத் தேனீப் பெட்டி ஒன்று இருந்தது. வீட்டுக்காரர் இன்னாசி சார். கிறிஸ்துமஸ் குடில் கட்டுவதில் அந்தத் தெருவிலேயே அவருக்கு ஈடு கிடையாது. அவருக்கு ஒரு வழக்கம். நவம்பர் பிறந்ததும் மாடியில் ஒரு மூலையைத் தார்ப்பாயால் மறைத்துவிடுவார். உள்ளே மலை, குகை, ஓடை எல்லாம் எழும்பும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் வரைக்கும் பெண்டாட்டி உட்பட ஒருவரும் எட்டிப்பார்க்கக் கூடாது. டீச்சரும் பார்த்ததில்லை. முப்பது வருஷக் குடித்தனம் உடையாமலிருப்பதே அந்தத் தார்ப்பாயால்தான் என்பார் டீச்சர்.

அந்த நவம்பர் கடைசியில் ஏழுமலை அந்தப் பெட்டியிலிருந்து பிசின் சுரண்டி எடுத்து வந்து என் மேஜைமேல் வைத்தார். பச்சையாக இருந்தது.

கொஞ்சம் பச்சை கலந்த பழுப்பு என்றில்லை. கிளிப்பச்சை. பழுப்பு உருண்டைக்கு நடுவில் கோடு கோடாக, பச்சை ஜவ்வு மிட்டாய் மாதிரி. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஏனென்றால் பிரேசில் தேசத்தில் ஒரு புதரின் குருத்தைக் கடித்துத் தேனீ செய்கிற பிசின் பச்சையாக இருக்கும், அதற்கு உலகமெங்கும் கிராக்கி என்று மேடம் ஃபோனில் சொல்ல நான் ஒட்டுக்கேட்டிருக்கிறேன். மோந்து பார்த்தேன். டர்பன்டைன் வாடை. மாம்பிசினிலும் அந்த வாடை உண்டு. டீச்சர் வீட்டுக்குப் பின்னால் ஒரு மாமரமும் உண்டு. முடிந்தது. ஆசைக்குச் சாட்சி இரண்டு போதும்.

மேடத்திடம் ஓடினேன். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "என்னடி லோகநாயகி, நம்ம ஊர்லயா? ஏதாவது புதுச் செடியா இருக்குமோ? நான் இத்தனை வருஷம் மயிலாப்பூர்லயே இருந்துண்டு கண்ணை மூடிண்டு இருந்திருக்கேனே" என்றார். மறுநாளே அதற்கு மயிலாப்பூர்ப் பச்சை என்று பெயர் வைத்தாயிற்று. தெரிந்தவர்களுக்கெல்லாம் படம் போயிற்று. ஒரு துண்டைத் தரமணியில் இருக்கும் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினோம். மிச்சத்தை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, பழுப்புக் கண்ணாடிக் குடுவையில் தினமும் நானே குலுக்கினேன். தாலாட்டாத குறைதான்.

விதி என்ன? சோதனைக்கூடத்து ரிப்போர்ட் வராமல் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது. எழுதி ஒட்டியதே நான்தான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு மாலைப் பூசையில் ரெஜினா டீச்சர் தனியாகப் பாட வேண்டும். பதிலுரைப் பாடல் என்பார்கள். ஒருவர் பாட, சபை முழுக்க ஒரு வரியைத் திருப்பிப் பாடும். ஒவ்வொரு வருஷமும் டீச்சர்தான். சனிக்கிழமை வந்து கவுண்டரில் நின்றார். குரல் கரகரவென்று தேங்காய் துருவுகிற மாதிரி இருந்தது. பள்ளிக்கூட விழாவுக்குப் பிள்ளைகளைக் கத்திக் கத்திப் பழக்கியதன் பலன். ஒவ்வாமைக் கேள்வியெல்லாம் கேட்டேன், எதுவும் இல்லை என்றார், முன்பே இரண்டு தடவை நம் சாதாரணச் சாற்றை வாங்கியிருக்கிறார். அந்தச் சாதாரணச் சாறு அன்றைக்குக் காலி. கிறிஸ்துமஸ் ஆர்டரில் எல்லாம் போய்விட்டது.

அப்போது என் புத்தி ஒரு வழக்கறிஞர் மாதிரி வாதாடியது. டீச்சர் வீட்டு மாடி. டீச்சர் வீட்டுப் பெட்டி. டீச்சர் வீட்டு மாமரம். அவர் வீட்டுப் பிசினை அவருக்கே கொடுக்க ரிப்போர்ட் எதற்கு? நம் வீட்டுக் கறிவேப்பிலையைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பியா தாளிக்கிறோம்? குடுவையை நன்றாகக் குலுக்கி, வடிகட்டி, ஒரு சொட்டுக் குப்பியில் பச்சைப் பசேலென்று நிரப்பிக் கொடுத்தேன். வெந்நீரில் பத்துச் சொட்டு, பாடுவதற்கு முன்னால் மட்டும் என்று சொல்லி அனுப்பினேன். பிள்ளைகளே, விதியை மீறுகிறவன் திருடன் மாதிரி பதுங்கி வரமாட்டான். அன்பாக, நியாயமாக, கறிவேப்பிலை உதாரணத்தோடு வருவான். அன்றைக்கு அவன் பெயர் லோகநாயகி.

வடிகட்டியதில் மிஞ்சியதை மேடம் படம் எடுக்க வெள்ளைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போனேன்.

ஞாயிறு மதியம். ஆர்டர் கட்ட வேண்டுமென்று நான் மட்டும் வந்திருந்தேன். கட்டி முடித்து நிமிர்ந்தபோது ஜன்னலோரப் பாட்டிலைப் பார்த்தேன். புளித்த மாவில் தண்ணீர் பிரிந்து நிற்குமே, அப்படிப் பிரிந்து நின்றது. மேலே நம் பழைய பழுப்புச் சாறு, எல்லா வருஷமும் பார்க்கிற அதே நிறம். பச்சை முழுக்க அடியில், சேறு மாதிரி. குருத்திலிருந்து வந்த நிறமாக இருந்தால் ஸ்பிரிட்டில் கரைந்து கலந்திருக்கும். இது கரையவில்லை, சும்மா மிதந்துகொண்டிருந்திருக்கிறது. நான் தினமும் குலுக்கிக் குலுக்கி மிதக்கவிட்டிருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து ஏழுமலை சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். காலையில் டீச்சர் வீட்டு மாடிக்குப் போயிருக்கிறார். கடல் காற்றில் தார்ப்பாய் தூக்கிக்கொண்டதாம். உள்ளே இன்னாசி சார் சாக்குத் துணியில் செய்த மலைக்குப் பச்சை எனாமலில் இன்னொரு பூச்சு அடித்துக்கொண்டிருந்தாராம். யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஏழுமலையிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விட்டாராம். அதுவரைக்கும் நானும் சிரித்தேன்.

"அதில்லக்கா தமாசு. நம்ம கொசுத் தேனீங்க ஈரப் பெயின்ட் மேல வரிசையா ஒக்காந்துகினு கீது. கால்ல உருட்டி உருட்டி ஒட்டிகினு பறக்குது. வுட்டா மலையையே தூக்கினு போய்டும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பிசுபிசுவென்று எது கிடைத்தாலும் தேனீக்குப் பிசின்தான். மரத்துப் பிசின் கிடைக்காத இடத்தில் ரோட்டுத் தாரைக்கூடச் சுரண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தது வேலைக்கு வராமல் போவதற்குப் பெயர்தான் ஆசை.

மணி நாலே முக்கால். பூசை ஆறு மணிக்கு. டீச்சருக்கு ஃபோன் போட்டேன், எடுக்கவில்லை. பாட்டுப் பயிற்சியில் இருந்தால் எடுக்க மாட்டார். மேடத்துக்குப் போட்டேன். டிசம்பர் மாதம், ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம். மேடம் சபாவில் கச்சேரி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார், ஃபோன் அணைந்திருக்கும். இன்னாசி சாருக்குப் போட்டேன், எடுத்தார். டீச்சர் அப்போதே கோவிலுக்குப் போயாயிற்று என்றார். சார், மாடியில் என்ன பெயின்ட் அடிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

சாருக்குக் குரல் உயர்ந்தது. எந்தப் பெயின்ட், யார் சொன்னது, இந்த வருஷம் பெயின்டே இல்லை, எல்லாம் இயற்கை வைக்கோல் என்றார். சார், இது அவசரம், டீச்சர் உடம்பு சம்பந்தப்பட்டது என்றேன். டீச்சர்தான் இப்படிக் கேட்கச் சொன்னாளா, ஒவ்வொரு வருஷமும் யாரையாவது அனுப்பி வேவு பார்க்கிறாள், சொல்லு அவகிட்ட, வைக்கோல் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். மலையைக் கட்டியவரே பெயின்ட் இல்லை என்கிறார். அதைப் பிடித்துக்கொண்டு நான் பேசாமல் உட்கார்ந்துவிடலாம். நாளைக்குக் கேள்வி வந்தால் கைகாட்ட ஆள் இருக்கிறது. ஏழுமலை பார்த்தது வேறு ஏதோ பச்சையாக இருக்கலாம். பத்துச் சொட்டில் என்ன ஆகிவிடும் என்றும் மனம் சொல்லியது. ஜன்னலோரம் திரும்பிப் பார்த்தேன். பாட்டிலுக்கு மட்டும்தான் மறைக்க ஒரு குடிலும் இல்லை, காப்பாற்ற ஒரு மானமும் இல்லை. சாட்சிகள் முரண்பட்டால் ஆசை இல்லாத சாட்சியை நம்புங்கள். எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள்.

ஏழுமலையின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறினேன். திரு.வி.க. பாலம் தாண்டியதும் வண்டிகள் நகரவே இல்லை, கடற்கரைக்குப் போகிற கூட்டம். ஏழுமலை சந்து சந்தாகப் புகுந்தார். வழி முழுக்க எனக்கு யோசனை சொல்லிக்கொண்டே வந்தார். "எக்ஸ்பெரி ஆயிட்ச்சினு சொல்லுக்கா. பாட்டில் மாறிட்ச்சினு சொல்லு. கம்பெனி பேரு கெடாது, சாரு சத்தியமும் கெடாது. பெயின்ட்னு இன்னாத்துக்கு வாயத் தொறக்கறே?"

நல்ல யோசனைதான். எனக்கும் அரை கிலோமீட்டருக்கு அது பிடித்திருந்தது. ஆனால் டீச்சர் ஏற்கெனவே கொஞ்சம் குடித்திருந்தால்? குடித்தது என்னவென்று தெரிந்தால்தானே டாக்டரிடம் சொல்ல முடியும். எக்ஸ்பெரி, அதாவது தேதி முடிந்துவிட்டது என்று சொன்னால் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். பொய்யை வைத்துக்கொண்டு பாட்டிலைத் திருப்பி வாங்கலாம், வயிற்றுக்குள் போனதைத் திருப்பி வாங்க முடியாது.

கோவிலுக்குப் பின்னால் பாடகர் குழு அறை. வாசலில் செருப்பை விட்டு உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றேன். டீச்சருக்குத் தாராள மனசு என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. மேஜைமேல் ஒரு தட்டு, தட்டில் பன்னிரண்டு காகிதக் கப்பு, ஒவ்வொன்றிலும் வெந்நீர், வெந்நீரில் பச்சை. பாடகர் குழு மொத்தமும் வரிசையில். எங்க வீட்டுத் தேனீ கொடுத்த கிறிஸ்துமஸ் பரிசு என்று சொல்லி எல்லோருக்கும் பகிர்ந்திருக்கிறார்.

ஒருவரும் இன்னும் குடிக்கவில்லை. ஏனென்றால் சண்டை நடந்துகொண்டிருந்தது.

அவர்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. நன்மை, அதாவது பூசையில் சாமியார் கொடுக்கும் அப்பம், வாங்குவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னாலிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம், மருந்து சாப்பிடலாம். இப்போதே குடித்தால் ஒழுங்கு கெடாது, ஆனால் சொட்டு தொண்டையில் நிற்க வேண்டுமானால் பாடுவதற்குச் சற்று முன்னால் குடிக்க வேண்டும், அப்போது ஒரு மணி நேரம் இருக்காது. மருந்தென்றால் பரவாயில்லை. சாப்பாடென்றால் கூடாது. அடிக்குரல் பாடும் ஒரு பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு நம் லேபிளைப் படித்தார்: துணை உணவு, மருந்தல்ல என்று போட்டிருக்கிறது, ஆகவே சாப்பாடு. முன்வரிசைப் பெண் ஒருத்தி விடவில்லை: சொட்டுக் கணக்கில் குடித்தால் மருந்து, டம்ளர் கணக்கில் குடித்தால்தான் சாப்பாடு. இன்னொருவர் மோந்து பார்த்துவிட்டு, ஸ்பிரிட் வாடை அடிக்கிறதே, இது இரண்டிலும் சேராதே என்றார். நம் லேபிளை அத்தனை அக்கறையோடு அதற்கு முன்னும் பின்னும் யாரும் படித்ததில்லை.

என்னைப் பார்த்ததும் டீச்சர் முகம் மலர்ந்துவிட்டது. கரகரத்த குரலில், "வந்துட்டா பாரு, செஞ்சவளே வந்துட்டா. லோகு, நீயே சொல்லிடு. இது மருந்தா, சாப்பாடா?" என்றார்.

பன்னிரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஏழுமலை பின்னாலிருந்து என் புடவை முந்தானையை லேசாக இழுத்தார். நான் முந்தானையை அவர் கையிலிருந்து உருவிக்கொண்டேன்.

"மருந்தும் இல்ல, சாப்பாடும் இல்ல டீச்சர்," என்றேன். "பெயின்ட்."

தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். தேனீ எனாமலை அள்ளியதை, நான் அதைப் பிரேசில் என்று நினைத்ததை, ரிப்போர்ட் வருமுன் குப்பியில் ஊற்றியதை. நேற்றிலிருந்து ஒரு சொட்டாவது குடித்தீர்களா என்று கேட்டேன். இல்லை, பாடுவதற்கு முன்னால் மட்டும் என்று நீதானே சொன்னாய், அதுக்காகத்தான் வைத்திருந்தேன் என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. மூச்சோடு அழுகையும் வந்தது.

டீச்சர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கண் எங்கேயோ போயிருந்தது. மெதுவாகக் கேட்டார்: "அப்போ இந்த வருஷம் மலை பச்சையா?"

ஏழுமலை தலையில் கைவைத்துக்கொண்டார். அறை முழுக்க வெடித்துச் சிரித்தது. முப்பது வருஷ ரகசியம் பன்னிரண்டு சாட்சிகள் முன்னால் உடைந்தது. பெரியவருக்குச் சிரித்து இருமல் வந்துவிட்டது. இருமலுக்குத் தண்ணீர் என்று முன்வரிசைப் பெண் அவசரத்தில் கையில் எடுத்தது பச்சைக் கப்பு. தாவிப் பிடுங்கினேன். பாதி என் புடவையில் கொட்டியது.

அதற்குள் மணி அடித்துவிட்டது, அவர்கள் பாட்டுப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். நானும் ஏழுமலையும் தட்டும் பதினொன்றரைக் கப்பும் மிஞ்சினோம். எங்கே கொட்டுவது? செடியில் கொட்டக் கூடாது, கோவில் தொட்டியில் கொட்டக் கூடாது. திருப்பி ஊற்ற டப்பா தேடிக் கிளம்பிய ஏழுமலை பூசை முடியும்வரை வரவில்லை. நான் தட்டோடு கோவில் வாசலருகில் நின்றேன். நேரம் கழித்து வந்த ஒரு அம்மாள் என்னைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு கப்பை எடுக்கக் கை நீட்டினார். இல்லம்மா, இது பெயின்ட் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்தவருக்கும் சொன்னேன். ஒரு பூசை நேரம் முழுக்கத் தட்டைக் கீழே வைக்காமல், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெயின்ட், பெயின்ட் என்று சொல்லிக்கொண்டு நின்றேன். தப்பான சரக்கைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அது கடைசிச் சொட்டு வரை நம் கைக்குத் திரும்பும்வரை பக்கத்திலேயே நிற்பது மீதி.

பாட்டு ஆரம்பித்தது. டீச்சர் முதல் அடியைத் தாழ்ந்த குரலில் பிடித்தார். கரகரப்பு கேட்டது, ஆனால் நின்றது. இரண்டாம் அடியில் மேலே போக வேண்டிய இடத்தில் குரல் உடைந்தது. நான் தட்டைப் பிடித்த கையை இறுக்கினேன். பிறகு முன்வரிசைப் பெண் அந்த இடத்தை எடுத்தாள், பெரியவர் கீழே தாங்கினார், டீச்சர் கையசைத்துக்கொண்டே கூடச் சேர்ந்தார். சபை தன் வரியைத் திருப்பிப் பாடியபோது யார் குரல் எது என்று தெரியவில்லை.

மேடத்திடம் அன்று இரவே ஃபோனில் சொல்லிவிட்டேன். "ஊர் பூரா சொல்லிண்டிருக்கேனேடி" என்றார் முதலில். "பரவால்ல, ஊர் பூரா இதையும் சொல்லிடறேன்" என்றார் அப்புறம். சொல்லவும் செய்தார், படம் அனுப்பிய ஒவ்வொருவருக்கும். எனக்கு ஒரு மாதம் சாவி இல்லை, மறுபடியும் பாட்டில் கழுவினேன். நியாயம்தான். அந்தத் தெரு முழுக்க வெள்ளையடிப்பு, பெயின்ட் வேலை முடிந்த பிறகுதான் பிசின் எடுப்பது என்று ஏழுமலையும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். அட்டையில் இப்போது இருக்கும் கடைசி வரி, "பெட்டிக்குச் சொந்தக்காரரே கேட்டாலும் ரிப்போர்ட் வந்த பிறகு" என்பது, அன்றைக்கு எழுதியது. அதைப் படித்துவிட்டு யாராவது சிரித்தால் அவர்களுக்கு விஷயம் தெரியும் என்று அர்த்தம்.

ஆனால் பூசை முடிந்து டீச்சர் என்னிடம் வந்ததைச் சொல்ல வேண்டும். அவருக்குப் பின்னால், செய்தி எட்டிய இன்னாசி சார் ஏழுமலையை ஓரங்கட்டிச் சத்தியத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். டீச்சர் என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். தட்டை இன்னும் நான் மடியில் வைத்திருந்தேன். என்ன சொல்லப் போகிறாரோ என்று தலை குனிந்திருந்தேன். இனி நம் கம்பெனிப் பக்கமே வரமாட்டார் என்று முடிவு கட்டியிருந்தேன்.

"சரி, விடு. இன்னும் ரெண்டு நாள்ல கிறிஸ்துமஸ். என் தொண்டைக்கு நீ இப்ப என்ன கொடுப்பே, சொல்லு. நீ எதைச் சொன்னாலும் செய்றேன்" என்றார், கிசுகிசுப்பாக. பெயின்ட் என்று பன்னிரண்டு பேர் முன்னால் சொன்னவளிடம் இந்தக் கேள்வி வந்தது. என் உத்தியோகத்தில் அதைவிடப் பெரிய சம்பளம் எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

அலமாரியில் எத்தனையோ குப்பி உண்டு. அந்த நேரத்தில் எதன் பெயரையும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஒண்ணும் கொடுக்க மாட்டேன் டீச்சர். கத்திக் கத்திப் போன தொண்டை. டாக்டர்கிட்ட ஒரு வாட்டி காட்டுங்க. அதுவரைக்கும் ரெண்டு நாள் வாயே தொறக்காம இருங்க, அது போதும்" என்றேன்.

டீச்சர் இன்னாசி சாரைத் திரும்பிப் பார்த்தார். மடியில் இருந்த தட்டைப் பார்த்தார்.

"ரெண்டு நாளா? அதுக்கு நான் அந்தப் பெயின்டையே குடிச்சிருப்பேனேடி."